பாஸ் கிட்டாருக்கு உலோக உறைகள் பொருத்துதல்

பழைய பாஸ் கிட்டார்களின் புகைப்படங்களை நிதானமாகப் பார்த்தவர்கள், அவ்வாத்தியத்தின் மார்பிலே நிலைக்கண்ணாடிபோல் மின்னும் இரண்டு உலோகக் கூடுகளைக் கவனித்திருப்பார்கள். ஒன்று, கம்பிகளின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின்மேல் வளைவுபோல் நிற்பது. மற்றொன்று, கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜை, அதாவது வீணை செய்பவர்கள் குதிரை என்று சொல்லும் உறுப்பை, வெளியே தெரியாதபடி மூடிக்கொண்டிருப்பது. இன்று கடையில் வாங்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவை கிடையா. ஆயினும் இவற்றைத் தேடி வாங்கித் தம் கருவியில் தாமே பொருத்திக்கொள்ள ஆசைப்படுபவர்கள் குறையவில்லை. அவர்களுக்காகவே இந்த அத்தியாயம். தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: துளையிட்டுத் திருகாணி முடுக்குவது அரைமணி நேரத்து வேலை, எங்கே துளையிடுவது, துளையிடத்தான் வேண்டுமா என்று தீர்மானிப்பது ஒரு வாரத்து வேலை. அந்த ஒரு வாரத்தைக் கொடுக்க மனமில்லாதவர்கள் உறையை அலமாரியில் அலங்காரமாக வைத்துக்கொள்வது கருவிக்கு நல்லது.

1951-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரத்தில் லியோ ஃபெண்டர் என்பவர், ஆளுயரத்துக்கு மேல் நின்ற டபுள் பாஸின் உத்தியோகத்தைத் தோளில் தொங்கவிட்டு வாசிக்கும் ஒரு சிறு வாத்தியத்துக்கு மாற்றிக் கொடுத்து, மெட்டுகள் பதித்திருப்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும் என்ற பொருள்பட அதற்குப் பிரிஸிஷன் பாஸ் என்று பெயரும் சூட்டியபோது, அதன் பிக்கப்பும் பிரிட்ஜும் உறை போர்த்தியே வெளிவந்தன. அதற்குச் சற்று முன்னர் அவர் செய்திருந்த டெலிகாஸ்டர் கிட்டாரின் பிரிட்ஜ் உறையானது திருகாணி ஏதுமின்றி, அடித்தகட்டின் ஓரங்களைக் கவ்விக்கொண்டு நிற்பது. கையோடு கழன்று வந்துவிடும் அதைக் கவிழ்த்து வைத்துச் சிகரெட் சாம்பலைத் தட்டினார்கள் என்ற வேடிக்கைப் பேச்சினால் அதற்கு ஆஷ்ட்ரே என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது. பாஸின் உறை திருகாணியால் இறுகப் பிணைக்கப்படுவது. சாம்பல் தட்டுவதற்கு லாயக்கில்லாதது. இருந்தும் அப்பெயர் அதையும் விடவில்லை. 1957-இல் பிரிஸிஷன் பாஸின் பிக்கப் இரண்டு துண்டாகப் பிரிந்து புதிய வடிவம் பெற்றது. 1960-இல் இரண்டு பிக்கப்புகள் கொண்ட ஜாஸ் பாஸ் வந்தது. இவற்றுக்கும் அவற்றின் அமைப்புக்கேற்ற உறைகள் செய்யப்பட்டன. ஜாஸ் பாஸின் பிரிட்ஜ் உறை, பிரிட்ஜோடு அதனருகே இருக்கும் பின்புறப் பிக்கப்பையும் சேர்த்து மறைக்கும் விசாலமான கூடாயிற்று. ஆகையால் பிரிஸிஷன் பாஸுக்கென்று வாங்கிய உறையை ஜாஸ் பாஸில் வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று யாரும் எண்ணவேண்டாம்.

இந்த உறைகள் எதற்காக ஏற்பட்டன என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல இயலாது. பிரிட்ஜின் திருகாணிகளும் சுருள்வில்களும் பார்ப்பதற்கு அவ்வளவு லக்ஷணமாக இருப்பதில்லை. அவற்றை மறைப்பது ஒரு நோக்கம். சுற்றுப்புறத்து மின்சாரக் கருவிகள் எழுப்பும் இரைச்சலைத் தடுப்பது மற்றொன்று. உள்ளே ஒட்டிய ஃபோம் ரப்பர் துண்டினால் கம்பியின் நாதத்தைக் குறுக்கி, டபுள் பாஸ்போல் தடித்து உடனே அடங்கும் ஒலியை உண்டாக்குவது மூன்றாவது. நான்காவதாக, வாசிக்கும் கைக்கு ஓய்விடமாகவும் அவை அமைந்தன. இந்த நான்கில் இரைச்சலைப் பற்றிய விஷயத்தில் மட்டும் பலருக்குத் தவறான அபிப்பிராயம் இருப்பதைக் காண்கிறேன். குரோம் முலாம் பூசிய மெல்லிய தகடு, எர்த்தோடு சேர்க்கப்பட்டிருக்கும் பக்ஷத்தில், மின்புலத்தால் வரும் இரைச்சலைத்தான் தடுக்கும். டிரான்ஸ்பார்மர்களின் காந்தப்புலத்தால் வரும் ரீங்காரத்தை அது தடுக்காது. அந்த ரீங்காரத்தை 1957-ஆம் ஆண்டு பிக்கப்பின் இரு துண்டுகளும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டிருப்பதனால் தாமே கழித்துவிடுகின்றன. ஆதலால் ரீங்காரத்துக்கு மருந்தாக மட்டும் உறை வாங்குபவர்கள் ஏமாற்றமடைவார்கள்.

கையின் விஷயம் இதைவிடப் பெரியது. டெட்ராயிட் நகரத்து மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1960-களில் எண்ணற்ற பாட்டுகளுக்கு பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தம் 1962-ஆம் ஆண்டுப் பிரிஸிஷன் பாஸில் இரண்டு உறைகளையும் கழற்றாமலே வைத்திருந்தார். வலது கையின் மற்ற விரல்களைப் பிக்கப் உறையின்மேல் ஊன்றிக்கொண்டு, ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே கம்பியை மீட்டுவது அவர் வழக்கம். பிரிட்ஜ் உறைக்குள் ஃபோம் துண்டு இருந்து கம்பியை அணைத்துக்கொண்டிருக்கும். அவருக்கு உறை வாத்தியத்தின் ஓர் அங்கம். இதற்கு நேர்மாறாக, பாஸ் கலைஞர் ஜாகோ பஸ்டோரியஸ் தம் ஜாஸ் பாஸின் பின்புறப் பிக்கப்பின்மேல் கட்டை விரலை ஊன்றி, பிரிட்ஜுக்கு மிக அருகே கம்பியை மீட்டி அந்தக் கூரிய நாதத்தை எழுப்பினார். ஜாஸ் பாஸின் உறை இருக்கும் இடமும் அவர் விரல் இருக்கும் இடமும் ஒன்றே. அந்த உறை இருந்தால் அந்த வாசிப்பு இல்லை. இவ்விருவரில் யாருடைய நாதம் உங்கள் மனத்தில் இருக்கிறதோ, அதைப் பொறுத்தே இந்த அத்தியாயத்தை மேலே படிப்பதா, இங்கேயே நிறுத்துவதா என்று தீர்மானிக்கலாம். கட்டை விரலால் கம்பியை அறைந்து வாசிக்கும் ஸ்லாப் முறையைப் பயில்பவர்களுக்குப் பிக்கப் உறை இடைஞ்சலைத் தவிர வேறொன்றும் தராது என்பது என் அனுபவம். உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜருகே கம்பிமேல் வைத்து நாதத்தை அடக்கும் பழக்கமுள்ளவர்களுக்குப் பிரிட்ஜ் உறை அந்த இடத்தையே அடைத்துவிடும். அதற்கு ஈடாகத்தான் உள்ளே ஃபோம் வைக்கப்படுகிறது.

இங்கே ரிக்கன்பேக்கர் கம்பெனியின் பாஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவற்றின் பழைய மாதிரிகளில் கம்பிகளைச் சுற்றி வளைந்து நிற்கும் குதிரைலாட வடிவத்தைக் கண்டு, அதுவும் இப்படியொரு உறைதான் என்று நினைத்துக் கழற்ற முயல்பவர்கள் உண்டு. அது பிக்கப்பின் காந்தம். அதைக் கழற்றினால் வாத்தியம் ஊமையாகிவிடும். பிற்காலத்து மாதிரிகளில் அந்த இடத்தில் வேறுவகைப் பிக்கப்பும், கை வைப்பதற்கென்று ஒரு மூடியும் வந்தன. அதைத் தாராளமாகக் கழற்றலாம். எது எது என்று தெரியாத நிலையில் திருப்புளியை எடுக்காமலிருப்பதே உத்தமம்.

உறை வாங்கும்போது மூன்று அளவுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பிரிட்ஜின் அகலம், அதன் நீளம், சேடில்களின், அதாவது பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டுகளின், உச்சி உடற்பலகையிலிருந்து எழும்பி நிற்கும் உயரம். பழைய பாணியில் மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த பிரிட்ஜுக்காகவே இவ்வுறைகள் வகுக்கப்பட்டவை. கனத்த உலோகத்தில் வார்த்த நவீனப் பிரிட்ஜை ஏற்கெனவே மாற்றி வைத்திருப்பவர்களுக்கு உறை உட்காராமற் போகலாம். ஐந்து கம்பிக் கருவி வைத்திருப்பவர்களும் நாலு கம்பிக் கருவிக்கான உறையை வாங்கிவிட்டு வருந்தவேண்டாம். ஜாஸ் பாஸில் இன்னொரு சூக்ஷ்மம் உண்டு: 1970-களில் அதன் பின்புறப் பிக்கப் பிரிட்ஜை நோக்கிச் சுமார் 10 மில்லிமீட்டர் நகர்த்தப்பட்டது. உங்கள் கருவி எந்தக் காலத்து மாதிரியைப் பின்பற்றியது என்று அளந்து தெரிந்துகொண்டபின், உறையின் முன்விளிம்பு பிக்கப்பைத் தாண்டி எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

உறை கைக்கு வந்ததும் துறப்பணத்தைத் தேடாதீர்கள். முதலில் கருவிக்குச் செய்யவேண்டிய மற்ற வேலைகளையெல்லாம் முடித்துவிடவேண்டும். புதுக் கம்பி போடவேண்டுமா, கம்பிகளின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா, சேடில்களை முன்னும் பின்னும் நகர்த்திச் சுருதியைச் சரிப்படுத்தவேண்டுமா, இவை யாவும் உறை ஏறுமுன்னரே நடந்தாகவேண்டும். உறை ஏறியபின் அந்தத் திருகாணிகள் ஒன்றும் கைக்கு எட்டா. கம்பி மாற்றும்போதும் பெரும்பாலும் பிரிட்ஜ் உறையைக் கழற்றவேண்டியிருக்கும் என்பதை இப்போதே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு, உறையின் அடிப்பாகத்துச் சிறகுகளில் இருபுறமும் ஒட்டும் டேப்பைச் சிறு துண்டுகளாக ஒட்டி, திருகாணியின்றியே உறையைக் கருவியில் அமர்த்தி, அப்படியே ஐந்தாறு நாள் வாசித்துப் பாருங்கள். பழைய லாக்கர் பூச்சுள்ள கருவியாயின் டேப் பூச்சை உரித்துவிடக்கூடும். அதில் பிக்-கார்டு என்னும் பாதுகாப்புத் தகட்டின் பிளாஸ்டிக் மேல் மட்டும் ஒட்டலாம், மரத்தின்மேல் ஒட்டலாகாது. இந்த ஐந்தாறு நாளில் உங்கள் கை பல சங்கதிகளைச் சொல்லும். பிக்கப் உறைக்கு முன்புறம், கழுத்தை ஒட்டிய இடத்தில் மீட்டினால் நாதம் உருண்டு குழைவாக வருகிறது. இரண்டு உறைகளுக்கும் இடையே கிடைக்கும் சிறு வெளியில் மீட்டினால் இறுக்கமாக வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, பிக்கப்பின் நேர்மேலே, நீங்கள் இத்தனை காலமும் அறியாமலே கையை வைத்துப் பழகியிருந்த இடம் பறிபோய்விட்டது. இந்த இழப்பு உங்களுக்குச் சம்மதந்தானா என்பதே கேள்வி. என்னிடம் கருவியைக் கொண்டுவந்தவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு வாரத்துக்குப் பிறகு பிக்கப் உறையைத் திருப்பிப் பெட்டியில் வைத்துவிட்டு, பிரிட்ஜ் உறையை மாத்திரம் நிலைநிறுத்திக்கொண்டார்கள். நானும் அந்தக் கட்சியே.

இனி இடங்குறிப்பது. உறையின் உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாதாகையால், ஒரு காகித அச்சு எடுத்துக்கொள்வது சௌகரியம். உறையைத் தடித்த காகிதத்தின்மேல் வைத்து அதன் வெளிவிளிம்பையும் திருகாணித் துவாரங்களையும் கூரிய பென்சிலால் வரைந்து, நடுப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டால், பிரிட்ஜைச் சுற்றிப் படியும் ஒரு சட்டம் கிடைக்கும். அதைக் கருவியின்மேல் வைத்து நேர்ப்படுத்தும்போது எதைப் பிரமாணமாகக் கொள்வது? உடலின் விளிம்பையா, பிக்-கார்டின் ஓரத்தையா, பிரிட்ஜின் தகட்டையா? கம்பிகளை என்பதே என் பதில். தொழிற்சாலையில் கழுத்து ஒரு மயிரிழை சாய்ந்து பூட்டப்பட்டிருக்கலாம். பிக்-கார்டு அரை மில்லிமீட்டர் விலகியிருக்கலாம். கம்பிகளோ வாசிப்பவர் கண்ணுக்கு எப்போதும் நேரே தெரிபவை. தடித்த நாலாவது கம்பிக்கும் உறையின் ஒரு பக்கச் சுவருக்கும் உள்ள இடைவெளியும், மெல்லிய முதற் கம்பிக்கும் மறு பக்கச் சுவருக்கும் உள்ள இடைவெளியும் சமமாயிருந்தால் உறை நேராயிருப்பதாகத் தோன்றும். அப்படியில்லாவிட்டால் அளவுகோல் என்ன சொன்னாலும் கோணலாகவே தோன்றும். ஆகவே இடங்குறிக்கும்வரை கம்பிகளைச் சுருதி சேர்த்த நிலையிலேயே வைத்திருக்கவேண்டும்.

உயரத்தைச் சோதிக்க என்னிடம் ஒரு பாமர உபாயம் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைப் பட்டாணி அளவு உருட்டி, கீழே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு, ஒவ்வொரு சேடிலின் உச்சியிலும் ஒவ்வொன்றாக வைத்து, உறையைக் குறித்த இடத்தில் அழுத்தி எடுங்கள். களிமண் எவ்வளவு தடிமனுக்கு நசுங்கியிருக்கிறதோ அதுவே உறைக்கும் சேடிலுக்கும் உள்ள இடைவெளி. 2 மில்லிமீட்டருக்குக் குறையாமலிருந்தால் கவலையில்லை. எங்கேனும் தகட்டையே தொட்டு அப்பளமாகியிருந்தால், அங்கே உயரத் திருகாணி நீண்டு நிற்கிறது என்று அறிக. நீளம் குறைந்த திருகாணியை மாற்றிக்கொண்டால் தீர்ந்துபோகும். பிக்கப் உறைக்கோ களிமண் உதவாது, ஏனெனில் அங்கே கம்பி அசைகிறது. தடித்த கம்பியைத் திறந்த நிலையில் உங்களால் இயன்றமட்டும் பலமாக மீட்டிக் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். தகட்டில் இடிக்கும் சத்தம் வந்தால், கம்பியின் உயரத்தைக் குறைப்பதா, உறையை விட்டுவிடுவதா என்று யோசிக்கவேண்டும்.

துளையிடுமுன் பிக்-கார்டை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது அவசியம். பிக்கப் உறையின் திருகாணிகள் பிக்-கார்டை ஊடுருவி மரத்தில் இறங்கவேண்டியவை. ஆனால் பிக்-கார்டின் கீழே எல்லா இடமும் மரமல்ல. பிக்கப்புக்காகக் குடைந்த குழியும், அங்கிருந்து குமிழ்கள் இருக்கும் அறைக்கு ஒயர் செல்லும் வாய்க்காலும் அங்கே மறைந்திருக்கின்றன. குறித்த புள்ளி குழியின் ஓரத்தில் விழுந்தால் திருகாணிக்குப் பிடிப்பிராது. வாய்க்காலின்மேல் விழுந்தால் ஒயரை அறுத்துவிடும்.

மரத்தில் போடும் துளை எந்த அளவு என்பதற்கு எண்களைவிடக் கண்ணே நல்ல வழிகாட்டி. துறப்பணத்தின் பிட்டைத் திருகாணியின் முன்னே பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: திருகாணியின் நடுத்தண்டு பிட்டுக்குப் பின்னே முற்றிலும் மறைந்து, மரைகளின் பல் மாத்திரம் இரு பக்கமும் துருத்திக்கொண்டு தெரியவேண்டும். மெல்லிய பிட்டால் துளையிட்டுப் பலத்தால் திருகாணியை ஏற்றிவிடலாம் என்பவர்களுக்கு என் சொந்தக் கதையையே சொல்கிறேன். முதன்முதலில் நான் உறை பொருத்திய கருவியின் உடல் ஆஷ் மரம், கெட்டியானது. துளை சிறியது, திருகாணி மலிவானது, என் பொறுமை இரண்டையும்விடக் குறைவு. முக்கால்வாசி இறங்கியதும் ‘டிக்’ என்றொரு சப்தம். திருகாணியின் தலை என் திருப்புளியோடு வந்துவிட்டது, தண்டு மரத்துக்குள்ளேயே சமாதியாயிற்று. அதைச் சுற்றிக் குழலால் குடைந்து வெளியே எடுத்து, அந்த இடத்தில் மரச்சக்கை வைத்து ஒட்டி, மேலே வண்ணம் தீற்றி முடிப்பதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. அதன் பிறகு நான் எந்தத் திருகாணியையும் மெழுகுவர்த்தியில் ஒருமுறை உரசாமல் மரத்தில் ஏற்றியதில்லை. சிலர் சோப்பைத் தடவுவார்கள். சோப்பு ஈரத்தை இழுத்துத் துருவுக்கு வழிசெய்யும் என்பதால் எனக்கு அதில் சம்மதமில்லை.

இப்போது கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, பழந்துணியால் பிக்கப்புகளை மூடுங்கள். உலோகத் துகள் பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் பின்னால் எடுப்பது பெருந்தொல்லை. புள்ளி வைத்த இடத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன்மேல் மறுபடி குறித்து, கூரிய குத்தூசியால் ஒரு சிறு பள்ளம் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிட் வழுக்கிப் பூச்சின்மேல் கோலம் போட்டுவிடும். இக்காலத்துப் பாலியெஸ்டர் பூச்சு கண்ணாடிபோல் தடித்தும் விறைத்தும் இருப்பது. திருகாணியின் மரை அதன் விளிம்பில் உரசினால் சிலந்தி வலைபோல் விரிசல் ஓடும். அதைத் தவிர்க்க, துளை முடிந்ததும் அதைவிடப் பெரிய பிட்டைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, பூச்சின் விளிம்பை மட்டும் சாய்வாகச் சீவிவிடவேண்டும். பிக்-கார்டிலுள்ள துளையோ மரத்துளையைவிடப் பெரிதாய், திருகாணி தடையின்றி நுழையும்படி இருக்கவேண்டும். பிளாஸ்டிக்கை மரை கடித்தால் அது வெடிக்கும். ஆழத்துக்குப் பிட்டின்மேல் டேப்பால் ஒரு கொடி கட்டிக்கொள்ளுங்கள். உடற்பலகை சாதாரணமாக 45 மில்லிமீட்டர் அளவு தடிமனாகையால் மறுபுறம் வெளிவந்துவிடும் என்ற பயம் இல்லை, எனினும் வேண்டிய ஆழத்துக்கு மேல் துளைப்பதில் பிரயோஜனமும் இல்லை. உறையை அதன் இடத்தில் வைத்துக்கொண்டே அதன் துவாரத்தின் வழியாகத் துளையிடுவது சுலபமாகத் தோன்றும். துறப்பணத்தின் தலை குரோம் சுவரில் ஒரு கீறல் போட்டதும் அந்தச் சுலபம் மறைந்துவிடும். உறையை எடுத்து வைத்துவிட்டே துளையிடுங்கள்.

திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறக்கி, உறை அசையாமலிருக்கும் அளவில் நிறுத்திவிடவேண்டும். மேலும் முடுக்கினால் மெல்லிய சிறகு வளைந்து, உறையின் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும்.

எர்த் இணைப்பைப் பற்றிப் பலர் மறந்துவிடுகிறார்கள். மரத்தில் திருகப்பட்ட உறை எதனோடும் மின்தொடர்பற்றுத் தனித்து நிற்கும். அப்படி நிற்கும் தகடு இரைச்சலைத் தடுப்பதை விட்டு, தானே ஏரியல்போல அதை வாங்கிக் கம்பிகளருகே கொடுத்துக்கொண்டிருக்கும். ஆம்ப்ளிபையரைத் திறந்துவைத்துக் கம்பிகளைத் தொடாமல் உறையை மட்டும் விரலால் தொடுங்கள். இரைச்சல் மாறினால் உறைக்கு எர்த் இல்லை. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு முனையை உறையிலும் மறு முனையைக் கேபிள் ஜாக்கின் வெளிவளையத்திலும் வைத்துத் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். பரிகாரம் சுலபமானது: பசை தடவிய செம்புத்தாளில் ஒரு மெல்லிய கீற்றை வெட்டி, ஒரு நுனி உறையின் சிறகுக்குக் கீழும், மறு நுனி பிரிட்ஜின் தகட்டுக்குக் கீழும் வருமாறு ஒட்டினால், பிரிட்ஜுக்கு ஏற்கெனவே உள்ள எர்த் ஒயர் உறைக்கும் பயன்படும். பிக்கப் உறைக்கு அதே கீற்றைப் பிக்-கார்டின் துளை வழியே உள்ளே இறக்கி, குமிழ்களின் முதுகிலே சேரும் எர்த் ஒயரோடு ஈயப்பற்று வைக்கவேண்டும். செம்புத்தாளின் பசை மின்சாரத்தைக் கடத்தும் வகையைச் சேர்ந்ததா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் உறைக்குள் ஃபோம் வைப்பதா வேண்டாமா என்பது ருசியைப் பொறுத்தது. வைத்தால், நாதம் நீளாமல் ‘தும்’ என்று விழுந்து அடங்கும். வழவழப்பான பட்டைக்கம்பி போட்ட கருவியில் இது மிக இதமாயிருக்கும். 1960-களின் பல ஒலிப்பதிவுகளில் கேட்கும் பாஸின் குணம் பெரும்பகுதி இந்தக் கால்ரூபாய்ப் பொருளால் உண்டானது என்றால் புதியவர்கள் நம்பமாட்டார்கள். ஜாஸ் பாஸின் ஆரம்பக் கருவிகளில் கம்பிக்கு ஒன்றாக, நிமிர்த்தவும் தாழ்த்தவும் கூடிய நாலு தனித்தனி அடக்கிகளே வைக்கப்பட்டிருந்தன. அந்த ஏற்பாடு சில ஆண்டுகளில் கைவிடப்பட்டு, ஃபோமே நிலைத்தது. துண்டின் தடிமனைச் சோதித்துத்தான் காணவேண்டும். கம்பிகளை மெல்லத் தழுவினால் போதும். அழுந்தினால் சுருதி ஏறிவிடும், ஸ்வரமும் செத்துவிடும். நாலு கம்பிகளும் ஒரே சீராக அடங்குகின்றனவா என்று மீட்டிப் பார்த்து, அடங்காத கம்பிக்கு நேரே இன்னொரு மெல்லிய துண்டு சேர்க்கவேண்டும். சேடிலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நயமாக அடங்கும். தள்ளிப் போகப்போக நாதம் மொத்தையாகும். பழைய ஃபோம் நாளடைவில் பொடிந்து பிசினாகிக் கம்பியிலும் சேடிலிலும் ஒட்டுமாகையால், கம்பி மாற்ற உறையைக் கழற்றும்போதெல்லாம் அதையும் நோட்டம் விடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஏதோ ஒரு ஸ்வரத்தை மீட்டும்போது மட்டும் உறை கிணுகிணுவென்று அதிர்வதைக் கேட்டால் கலங்கவேண்டாம். சிறகுக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய ஃபெல்ட் துணியில் ஒரு கீற்றை வைத்தால் அடங்கிவிடும். செம்புத்தாள் வரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் வையுங்கள். குரோம் முலாமுக்கு உப்புக்காற்றும் வியர்வையும் சத்துருக்கள். சென்னையைப் போலவோ யாழ்ப்பாணத்தைப் போலவோ கடலுக்கு அருகே வசிப்பவர்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் உறையின் வெளிப்புறத்தோடு உட்புறத்தையும் துடைத்துவைக்கவேண்டும். துரு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்திலேதான் ஆரம்பிக்கும்.

பிற்காலத்தில் மனம் மாறி உறைகளைக் கழற்ற நேர்ந்தால், அவற்றையும் அவற்றின் திருகாணிகளையும் ஒரு துணிப்பையில் முடிந்து கிட்டார் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். 1960-களின் கருவிகளை வாங்கியவர்களில் மிகப் பலர் உறைகளைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டுத் தேடாமலே விட்டார்கள். அந்தக் கருவிகள் இன்று விற்பனைக்கு வரும்போது அசல் உறை கூடவே இருந்தால் அதற்கென்று தனி விலை வைக்கிறார்கள்.